பன்னிரண்டு காலி உறைகள்

காலை 10.20. அலமாரியின் மேல்தட்டிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் திறந்த மகள், உடனே அத்தைக்குப் போன் போட்டாள்.

"அத்தை, பெட்டியில ஒரு கேசட்கூட இல்ல. நாலு மணிக்கு வக்கீல் ஆபீஸ்ல அப்பாவும் அம்மாவும் விவாகரத்து மனுவுல கையெழுத்து போடணும். இது கிடைக்கலன்னா, ஒருத்தரை ஒருத்தர் திருடன்னு நெனச்சுக்கிட்டே பிரியப் போறாங்க."

அத்தை போலீஸ் இன்ஸ்பெக்டர். திருட்டு, கொள்ளை என்று முப்பது வருடம் குப்பை கொட்டியவருக்கு, விடுப்பு நாளில் சொந்த அண்ணன் வீட்டிலேயே ஒரு கேஸ்.

10.55. சமையலறை. அண்ணனும் அண்ணியும் எட்டு மாதமாக ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டுகள் வழியாகத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். 'மோட்டார் போடவும்.' 'போட்டாச்சு.' 'மெக்கானிக் வந்தார், கார் பேட்டரி மறுபடி சார்ஜ்.' சீட்டுகளில் யார் பெயரும் இல்லை. அதற்கு முன்னால் வேறு கதை. அண்ணி கேள்வி கேட்பார், அண்ணன் வாயைத் திறக்க மாட்டார். அவர் பேசாமலிருக்க இவர் குரல் ஏறும். குரல் ஏறினால் அவர் மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

எது யாருக்கு என்ற பட்டியலைக்கூடச் சண்டையில்லாமல் எழுதி முடித்திருந்தார்கள். ஒரே ஒரு வரியில் மட்டும் இரண்டு கையெழுத்திலும் 'எனக்கு' என்றிருந்தது. அந்தத் தகரப் பெட்டி.

அந்தப் பெட்டியின் கதை இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அண்ணன் இரண்டு வருடம் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்த்தார். போன் கிடைக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு கேசட் அங்கிருந்து வரும், ஒன்று இங்கிருந்து போகும். சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து வழிய அண்ணி பேசுவார். அப்போது கல்லூரிப் பெண்ணாக இருந்த இன்ஸ்பெக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் "அண்ணா, எனக்கு வாட்ச்" என்று கத்துவார். திரும்பிவந்த பிறகும் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஆளுக்கொன்று பேசி வைத்தார்கள், அலுத்துப்போகும்வரை. அண்ணன் பேசியது பன்னிரண்டு, அண்ணி பேசியது பன்னிரண்டு. அந்த வீட்டை நினைத்தால் இன்ஸ்பெக்டருக்கு இப்போதும் ஏக்கமாக இருந்தது.

பெட்டிக்குள் பன்னிரண்டு பிளாஸ்டிக் உறைகள் வாயைப் பிளந்து கிடந்தன. எல்லாவற்றிலும் அண்ணி பேசிய தேதிகள். அண்ணனுடைய கேசட்டுகள் உறையோடு மாயம்.

11.30. அண்ணி, தையல் அறையில்.

"பெட்டியைத் தொட்டீங்களா அண்ணி?"

"என் குரலை எடுத்து நான் என்ன பண்ணப் போறேன்? உங்க அண்ணனைக் கேளு. வாயைத் திறந்தா அதிசயம்."

"சாயங்காலம் டிவி பார்ப்பீங்களே?"

"விட்டுட்டேன்."

கூடத்தில் ரிமோட்டின் பின்மூடி ஒழுங்காக மூடியிருந்தது. உள்ளே செல் இல்லை.

12.10. அண்ணன், குளியலறை வாசலில். பேஸ்ட் மூடி வழக்கம்போல வாஷ்பேசினில் கிடந்தது.

"அவதான் தூக்கிப் போட்டிருப்பா பாப்பா." ஐம்பது வயது இன்ஸ்பெக்டர் அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"எதை?"

"நான் பேசினதை."

"கார்ல எங்கயாவது போனியா?"

"ஒரு மாசமா எடுக்கவே இல்ல."

ஷெட்டில் கார் சக்கரங்களில் ஒட்டடை. ஓட்டுநர் பக்கக் கைப்பிடி மட்டும் பளிச்சென்றிருந்தது.

3.30. வீட்டைச் சல்லடையாகச் சலித்து முடித்த இன்ஸ்பெக்டர் மூவரையும் சாப்பாட்டு மேஜைக்குக் கூப்பிட்டார்.

"திருடன் ஒருத்தன்னுதான் எல்லாரும் நெனச்சோம். உறையைப் பாருங்க. பாதி கேசட்டை உறையோட எடுத்திருக்காங்க. மீதியை உருவிட்டு உறையை அப்படியே போட்டிருக்காங்க. ஒரே ஆள் ரெண்டு விதமா எடுப்பானா? எடுத்ததை மூடாத ஆள் இந்த வீட்டுல யாருன்னு ஊருக்கே தெரியும்."

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"ஓடாத காருக்கு எதுக்குண்ணா ரெண்டு தடவை பேட்டரி போச்சு? ஷெட்ல உட்கார்ந்து கார் பிளேயர்ல கேட்டிருக்க. பன்னிரண்டும் அண்ணி பேசினது."

அண்ணி நிமிர்ந்தார்.

"நீங்களும் லேசுப்பட்டவங்க இல்ல அண்ணி. ரிமோட் செல் உங்க பொண்ணோட பழைய வாக்மேன்ல இருக்கு. தையல் மெஷின் டிராயர்ல, அண்ணன் பேசின பன்னிரண்டும் உறையோட, தேதி வரிசையில. உங்க குரலை எடுக்கலன்னு சொன்னீங்க, நெசம்தான். அவரவர் பேசினதை யாருமே தொடல."

மகள் அழுதுவிட்டாள்.

அண்ணி கணவரைப் பார்த்துக் கேட்டார். "பக்கத்து ரூம்லதானே இருக்கேன்? ஷெட்ல போய் எதுக்கு என்னைக் கேக்கணும்?"

அண்ணன் வாசலைப் பார்த்தார். ஓடிவிடுவார் என்றுதான் இன்ஸ்பெக்டர் நினைத்தார். ஓடவில்லை.

"அதுல நீ என்னைக் குறுக்குக் கேள்வி கேக்கல. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே போற. கேக்க நல்லா இருக்கு."

"அதுல நீங்க பேசறீங்க," என்றார் அண்ணி. "பயமா இருக்குன்னுகூடச் சொல்றீங்க. என்கிட்ட நேர்ல ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

4.05. போன் அடித்தது. வக்கீல். அண்ணன் எடுத்தார்.

"இன்னிக்கு வரலைங்க... உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. வீட்ல பேசிக்கிட்டு இருக்கோம்."

அண்ணி நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.