முத்திரை உடையாத உறைகள்

காலை 9.10. டாக்டர் நீட்டிய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். அளவு தங்கைக்குப் பதினான்கு. போன மாதம் இரண்டுதான்.

“தைராய்டு மாத்திரை போட்ட மாதிரியே தெரியலையே. முதல் மூணு மாசம் குழந்தையோட மூளை வளர அம்மாவோட தைராய்டுதான் ஆதாரம். இப்படியே விட்டா கருவே கலையலாம்” என்றார் டாக்டர்.

தங்கை பேயறைந்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை கலைந்த பிறகுதான் அவளுக்குத் தைராய்டு குறைவென்றே தெரிந்தது. இது மூன்றாவது.

“இவ ஸ்கேனுக்கு இருக்கட்டும். நான் வந்துடறேன்” என்று கிளம்பினாள் அக்கா.

அவள் காவல் நிலையத்தில் தடயப் பொருள் அறைக்குப் பொறுப்பு. தங்கையின் மறதியை நம்பாமல், நாளுக்கொரு உறையில் மூன்று மாத்திரைகளையும் போட்டு ஒட்டி, தேதியிட்டு, ஒட்டின்மேல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் ஈ கூட நுழைய முடியாது. அப்படியும் மாத்திரை வேலை செய்யவில்லை என்றால், யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள்.

10.05. தங்கை வீடு.

“மாப்பிள்ளை, உறையை யார் தொட்டது?”

“ஆறு மணிக்கு அவளே கிழிப்பா. நான் தண்ணி கொடுப்பேன். மூணையும் ஒரே வாயில முழுங்கிடுவா.”

“மாத்திரையை மாத்தினீங்களா?”

அவர் முகம் செத்துப்போனது. “அது என் குழந்தை.”

ஓரத்தில் கிழித்த இருபத்தெட்டு உறைகளையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார். ஒன்றில்கூட ஒட்டுப் பிரிந்திருக்கவில்லை.

11.00. மருந்துக்கடை. நாளைய உறையைக் கிழித்துக் கொட்டினாள்.

“தைராய்டு, இரும்பு, கால்சியம். மூணும் அசல்தான்” என்றார் கடைக்காரர்.

போன மாதம் தைராய்டு மாத்திரை மட்டும், டி.எஸ்.எச். சரி. இந்த மாதம் இரண்டு மாத்திரைகள் புதிதாகச் சேர்ந்தன, டி.எஸ்.எச். தாறுமாறு. அக்கா டாக்டரின் சீட்டை விரித்தாள். உறையில் போடும்போது மாத்திரைகளின் பெயர்களை நான்கு முறை சரிபார்த்தவள், பக்கத்தில் இருந்ததைப் படிக்கவே இல்லை: காலை, மதியம், இரவு.



11.40. மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குத் திரும்பினாள்.

“ஆள் கிடைச்சாச்சு. நான்தான்” என்றாள், ஸ்கேன் முடிந்து உட்கார்ந்திருந்த தங்கையிடம். “வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை. மத்த ரெண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும்னு கடைக்காரர் சொன்னார். கூடவே போட்டா அந்த ரெண்டும் தைராய்டு மாத்திரையை உடம்புல சேரவே விடாது. ஒரு வழக்கோட பொருளையெல்லாம் ஒரே உறையில போட்டுப் பழகின கை இது. எல்லாத்தையும் சேர்த்து ஒட்டிட்டேன். மாப்பிள்ளை, உங்களைப் போய் கேட்டேனே... மன்னிச்சிடுங்க.”

அவர் தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் ஸ்கேன் அறையிலிருந்து வந்தார். “இதயத் துடிப்பு இருக்கு. மாத்திரை அளவைக் கூட்டறேன். நாலு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம். அதுவரைக்கும் எதையும் உறுதியாச் சொல்ல முடியாது.”

அக்கா மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினாள். தங்கை அதை முந்திக்கொண்டு வாங்கினாள்.

“வேணாம்க்கா” என்றாள். “இனிமே நான் பாத்துக்கறேன்.”

அவள் குரலில் கோபமே இல்லை. அக்காவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.