சாயாத கரை

கருக்கம்பாறை ஏரியில் கடைசியாக அலையிலிருந்து விழுந்தவர் யார் என்று கேட்டால் ஊரில் யாருக்கும் நினைவில்லை. பிள்ளைகள் சைக்கிள் பழகும் முன்பே அலைமேல் நிற்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே பலகையில், மாலையும் கழுத்துமாக, அலைமேலேயே வந்து மண்டபத்துப் படியில் இறங்கினார்கள். புடவைக் கரைகூட நனையவில்லை.

இதற்கெல்லாம் காரணம் கமலவேணி. அதை அவளே சொல்லுவாள். அடக்கம் அவளுக்கு ஒத்துவராத சரக்கு.

ஏரி என்று பேர்தான்; கருங்கல்லை வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரி அது. மழைநீர் நிரம்பிக் கிடந்தது. நல்ல ஆழம், அலைக்கு ஆழம்தான் வேண்டும். படகின் வயிற்றுத் தொட்டிகளில் டன் கணக்கில் தண்ணீர் ஏற்றிப் பின்பக்கமாக ஒருபுறம் சாய்த்து ஓட்டினால், அந்தப் பக்கம் அமிழ்ந்து நீரைக் குடையும். மறுபக்கத்துப் பின்னோரத்தில் பொருத்திய ஓரமடல் என்ற தகடு அங்கே திரும்பி வரும் நீரைச் சற்றுத் தாமதப்படுத்தும். இரண்டு பக்கத்து நீரும் முட்டிக்கொள்ளாததால், சாய்ந்த பக்கத்தில் இடுப்புயர அலை ஒன்று சுத்தமாக எழுந்து படகை விடாமல் துரத்தி வரும். அதன் மடியில் பலகை போட்டு நிற்பவர், அதுவரை தன்னைப் படகோடு இழுத்து வந்த கயிற்றைத் தூக்கி எறிந்துவிடலாம். இது பழைய கதை. தடுமாறினால் விழுவார் என்பதும் பழைய கதை.

கமலவேணி செய்து படகில் பொருத்திய சுமைமூளை என்ற கணினி, நிற்பவரின் முழங்காலைப் பார்த்தது. அவர் எந்தப் பக்கம் சரியப்போகிறார் என்று அவருக்கே தெரியும் முன் கணித்தது. கணித்து என்ன பயன்? தொட்டிக்குத் தொட்டி நீரை மாற்றப் பம்புக்கு நேரம் பிடிக்கும். தண்ணீர் சோம்பேறி. சட்டென்று நகரும் எடை படகில் ஒன்றுதான் இருந்தது. உட்கார்ந்திருக்கும் ஆட்கள்.

அதனால் படகின் இருக்கைகளுக்குள் அவள் ஒரு மின்கூச்சத்தை வைத்தாள். இடது தொடையில் கூசினால் உடம்பு வலப்பக்கம் சாயும். வலது தொடையில் கூசினால் இடப்பக்கம். ஆள் சாய்ந்ததும் படகு சாயும், அலை நிரம்பும், விழ இருந்தவர் நிற்பார். சாய்ந்தவர் பேசிக்கொண்டிருந்த பேச்சைக்கூட நிறுத்தமாட்டார்.

ஊரே அந்த இருக்கைகளில், அலைமேல் நிற்பவரைப் பார்த்தபடி உட்கார்ந்துதான் வளர்ந்தது.

வம்பை இழுத்தவர் வரதப்பன், இந்த ஊர் இருக்கைகளில் உட்கார்ந்து பழகிவிட்டுப் பக்கத்துக் குவாரி அணிக்குப் பயிற்சியாளராகப் போனவர். அலைப்போட்டியில் ஊருக்காகத் தொடர்ந்து மூன்று கோப்பைகளை வாங்கிய தில்ஷாத்தின் காதுபடவே சொன்னார். "கோப்பையைப் படகுக்குக் குடுங்கய்யா. அந்தப் பொண்ணு வெறும் மூட்டை. மூட்டையும்தான் விழாது."

தில்ஷாத் அங்கேயே திரும்பினாள். "வெற்றலையில வரேன். மூளை கிடையாது, கூச்சம் கிடையாது. விழுந்தா மூணு கோப்பையும் உங்க வீட்டுக்கு வரும்."

கமலவேணி அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "யாரைக் கேட்டுடி வாக்குக் குடுத்தே?"

"நீங்கதானே அக்கா ஊரெல்லாம் சொன்னீங்க, மூளை எனக்கு வாத்தியார், ஊன்றுகோல் இல்லைன்னு? பாத்துடலாம்."

கமலவேணிக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. தன் வாத்தியார் நல்ல வாத்தியார் என்று ஊருக்குக் காட்ட இதைவிட நல்ல நாள் வராது.

போட்டியன்று காலை நடுவர் எபனேசர் தானே படகில் ஏறினார். சொந்தத் தங்கை கல்யாணத்திலேயே சாம்பார் சரியில்லை என்று மேடையில் சொன்ன மனிதர். தொட்டிகளின் அடைப்பான்களுக்கும் ஓரமடலுக்கும் சீல் வைத்தார். வேகத்தைப் பூட்டினார். இருக்கைகளின் மின்கம்பியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டான் லூர்து, படகுக்குச் சுமையாக உட்காரும் எடையாள். இருவர் அகலம் அவன்.

"ஒண்ணும் செய்யக்கூடாது. உட்காரு," என்றாள் கமலவேணி.

"அதுக்குன்னே பொறந்தவன்க்கா நான்." வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தான்.

தில்ஷாத் கயிற்றை எறிந்தாள். முதல் சுற்று வெண்ணெய். இரண்டாம் சுற்றில் பலகையை முழுவட்டம் திருப்பினாள், கரையில் விசில் பறந்தது. கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய கமலவேணிக்கு நெஞ்சு விம்மியது. பாருங்கடா, மூட்டையைப் பாருங்கடா.

மூன்றாம் சுற்றில் மறுபடி மொட்டைச் சுவர் வந்தது. நேராக அறுத்த பாறை. முதல் இரண்டு சுற்றுகளின் அலைகள் அதில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தன. அந்தக் காலத்தில் வெற்றலையில் இறங்கிய எவரும் மூன்றாம் சுற்றில் அதைத் தாண்டி நின்றதில்லை. திரும்பி வந்த நீர் அலையின் காலை வாரியது. மடி தளர்ந்தது. தில்ஷாத்தின் பின்முழங்கால் உள்ளே மடங்கியது.

அவ்வளவுதான், விழப்போகிறாள்.

படகு சாய்ந்தது. அலை நிரம்பியது. அவள் நின்றாள்.

கமலவேணி திடுக்கிட்டுத் திரும்பினாள். லூர்து கடலையை மென்றபடி இடப்பக்கம் சாய்ந்திருந்தான். எபனேசர், பேனாவைக் காகிதத்தில் வைத்தபடியே, இடப்பக்கம் சாய்ந்திருந்தார். அவளுடைய இடுப்பும் அங்கேதான் போயிருந்தது. கம்பி நடுவரின் பையில் கிடந்தது. கூச்சமே இல்லாமல், கண்ணில் பட்ட ஒரு முழங்காலுக்கு மூன்று உடம்புகளும் பதில் சொல்லியிருந்தன.

கரையேறியதும் எபனேசர் உரக்க அறிவித்தார். "வெளியுதவி எதுவும் இல்லை!" அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது.

நான்காவது கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு தில்ஷாத் ஓடிவந்தாள். "அக்கா! மொட்டைச் சுவர்ல நின்னேன்! நானே நின்னேன்!"

பேசாமல் இருந்திருக்கலாம். கமலவேணி பேசாமல் இருக்கிற ஜாதி இல்லை. "நாங்க சாஞ்சோம்டி."

"என்னது?"

"நான், லூர்து, நடுவர், மூணு பேரும். எங்களுக்கே தெரியாம சாஞ்சுட்டோம்."

"என்னக்கா, நானா?" என்றான் லூர்து. "நான் கடலை தின்னேன்."

தில்ஷாத்தின் முகம் இறுகிவிட்டது. "உங்க மூளை இல்லாம நின்னுட்டேன். அது பொறுக்கலை உங்களுக்கு." கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஜனங்களைப் பார்த்தபடி விறுவிறுவென்று நடந்தாள்.

படித்துறையில் பாசி இருந்தது. கால் வழுக்கியது.

கரையில் நின்ற கூட்டம் முழுவதும், கிழவர், பிள்ளை, போலீஸ்காரர், வரதப்பன் உட்பட, ஒரே வீச்சில் இடப்பக்கம் சாய்ந்தது. ஒருவர்கூடக் கை நீட்டவில்லை.

கருங்கல் அசையவில்லை. விழும்போது கையை ஊன்ற வேண்டும் என்று தில்ஷாத்தின் உடம்புக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை. மோவாய் கல்லில் மோதியது. கோப்பை உருண்டு போய் வரதப்பன் காலடியில் நின்றது.

அவள் தலையை நிமிர்த்தினாள். நாணல்போல் ஒரே பக்கம் சாய்ந்து நின்ற அத்தனை பேரையும் பார்த்தாள். அவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மெல்ல நிமிர்ந்தார்கள். நடுவரின் கை தன் பைக்குள் போய் அந்தக் கம்பியைத் தடவியது.

தில்ஷாத்துக்குப் புரிய நேரமாகவில்லை. "இப்படித்தான் சாஞ்சீங்களா அக்கா?"

"இப்படித்தான்."

ரத்தத்தைத் துப்பினாள். "வரதப்பன் சார், அதை எடுத்துக்கோங்க. மத்த மூணும் சாயங்காலம் வீட்டுக்கு வரும்." பிறகு கமலவேணியைப் பார்த்தாள். உதடு கிழிந்திருந்தும் அவள் சிரித்தாள். எந்தக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபோதும் அப்படிச் சிரித்ததில்லை. "ஆனா இது? இது நானே விழுந்தது. இல்லையா?"

"நீயேதான்டி. சுத்தமா."

அப்போதுதான் தன் கைகள் இரண்டும் பக்கத்தில் சும்மா தொங்குவது கமலவேணிக்கு உறைத்தது. ஒன்றை நீட்டினாள்.

"வேணாம்," என்றாள் தில்ஷாத். "எழுந்திரிக்கறதையும் நானே பாத்துடறேன்."

ஒரு கையைக் கல்லில் ஊன்றி, முழங்காலை மடக்கினாள்.

கூட்டம் மறுபடியும் சாய்ந்தது.