மூன்றாவது போரில் நல்ல தண்ணீர்

புதன்கிழமை, காலை 9.40.

லேபிலிருந்து வந்த ரிப்போர்ட்டை ஃபீபி ஐந்தாவது தடவையாகப் படித்தாள். மூன்றாவது போர்வெல், குரோமியம் இல்லை, டி.டி.எஸ். 110. வேறு யாராக இருந்தாலும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அவளோ ஆறாவது தடவை படிக்க ஆரம்பித்தாள்.

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு. அவள் வேலை பார்க்கும் தோல் டேனரியைச் சுற்றி எங்கே போர் போட்டாலும் ஆயிரத்து ஐநூறுக்குக் கீழே அவள் பார்த்ததில்லை. நூற்றுப்பத்து என்றால் அது கடையில் வாங்கிக் குடிக்கிற தண்ணீர். மண்ணுக்கு அடியிலிருந்து அது வந்ததென்றால் நம்ப அவள் என்ன சின்னக் குழந்தையா?

ஆம்பூரின் அந்த டேனரிக்கு ஃபீபி சுற்றுச்சூழல் அதிகாரியாக வந்து ஏழு மாதம் ஆகிறது. சுய தணிக்கை அவள் பிடிவாதத்தில் நடந்தது. நம் குறையை நாமே கண்டுபிடித்து நாமே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிவிடுவோம், மறைத்து மாட்டிக்கொள்வதைவிட அது மேல் என்று முதலாளியிடம் வாதாடி வாங்கிய அனுமதி. கழிவுநீரைச் சுத்தம் செய்த பிறகு மிஞ்சும் ஸ்லட்ஜைக் குவித்து வைக்கும் யார்டைச் சுற்றி மூன்று டெஸ்ட் போர்கள் இருந்தன. தோல் பதனிடப் போடும் குரோமியம் யார்டிலிருந்து விஷமாகக் கீழே இறங்குகிறதா என்று பார்க்கத்தான் அவை. சனிக்கிழமை காலை மூன்றிலும் குரோமியம் டெஸ்ட் என்று போன வியாழன் மாலை மீட்டிங்கில் அவளே அறிவித்து, அதன்படி சாம்பிளும் எடுத்தாள்.

ஃபோன் அடித்தது. முதலாளி நிசார் அஹமது.

"ஃபீபி, மூணாவது போர் போன மாசம் மூவாயிரத்து அறுநூறு இருந்துச்சே. நீதானேம்மா ஏறிக்கினே போவுதுன்னு காட்டின. இப்ப நூத்திப்பத்துங்கறான். இன்னா இது?"

காலை 10.15.

முதலாளி அறையில் மேனேஜர் நவநீதன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். குடியாத்தத்துக்காரர், பதினொரு வருஷமாக டேனரியைத் தூக்கி நிறுத்தியவர் என்று பேர். தண்ணீர் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படுங்கள் சார் என்று சிரித்தார். முதலாளி சிரிக்காததைக் கண்டு அவர் சிரிப்பும் அடங்கியது. அப்படியானால் பாட்டிலில்தான் தில்லுமுல்லு நடந்திருக்க வேண்டும் என்றார். பாட்டிலைப் பஸ்ஸில் வேலூர் லேபுக்கு எடுத்துப்போனது ஞானமுத்து. யார்டும் அவர் பொறுப்பு. பயந்துபோய் வழியில் தண்ணீரை மாற்றியிருக்கிறார் என்பது நவநீதன் கட்சி.

சுத்திகரிப்பு நிலையத்தின் ஆபரேட்டர் ஞானமுத்துவுக்கு இங்கே பத்தொன்பது வருஷ சர்வீஸ். யார்டு மதிலுக்குப் பின்னால் இருக்கும் தெருவில்தான் வீடு. மகள் ஜெமி நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"பாட்டில மடியிலயே வச்சுக்கினு போனேன் சார். மூடியத் தொடல."

தணிக்கை ரிப்போர்ட்டை மாலை நான்கு மணிக்குள் வாரியத்துக்கு அனுப்பியாக வேண்டும். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணிக்குள் உண்மை தெரியாவிட்டால் ஞானமுத்துவை வேலையிலிருந்து எடுத்துவிட்டு, போலீஸிலும் எழுதிக் கொடுத்துவிடச் சொன்னார்.

காலை 11.00.

ஃபீபிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. லேபுக்கு ஃபோன் போட்டாள். பாட்டில் வந்தபோது எடுத்த படத்தை அனுப்பினார்கள். மூடியைச் சுற்றிய டேப், அதன்மேல் குறுக்கே அவள் போட்ட கையெழுத்து. ஒரு கீறல் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. பாட்டிலை யாரும் திறக்கவில்லை. அப்படியானால் சனிக்கிழமை அவள் கையால் மொண்டதே அந்தத் தண்ணீர்தான்.

தன் நோட்டைப் பிரித்தாள். முதல் போரில் தண்ணீர் முப்பத்தொரு அடியில். இரண்டாவதில் முப்பத்து மூன்றில். மூன்றாவதில் ஒன்பதே அடியில். பக்கத்தில் 'மழைத்தண்ணீர் தேங்கியிருக்கலாம்' என்று அவளே எழுதியிருந்தாள். மழை பெய்து மூன்று வாரம் ஆகிறது! இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சாம்பிள் எடுக்குமுன் பழைய தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும், புதுத் தண்ணீர் ஊறி வரும். முதல் இரண்டிலும் ஊறியது. மூன்றாவதில் இறைக்க இறைக்க மட்டம் இறங்கியதே தவிர, ஏறவே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்ததால் அவசரமாக மொண்டு, மூடி போட்டுக் கிளம்பிவிட்டாள். ஊர்க் குறையைக் கண்டுபிடிக்க வந்தவளின் லட்சணம் இதுதான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

காலை 11.40.

போர் மூடிகளுக்குப் பூட்டு உண்டு. சாவி மூன்று பேரிடம். முதலாளி, மேனேஜர், ஞானமுத்து. சனிக்கிழமை அவள் ஞானமுத்துவின் சாவியைத்தான் வாங்கித் திறந்தாள்.

நவநீதன் அவராகவே கேட் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து காட்டினார். ஆம்பூர் டேனரிக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்று ரிஜிஸ்டரில் ஒரே பேர், ஞானமுத்து, காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை. லீவு நாளிலும் சுத்திகரிப்பு நிலையம் ஓட வேண்டும் என்பதால் அவர் வந்திருந்தார். ஆபீசர்களின் காரை எந்த வாட்ச்மேனும் ரிஜிஸ்டரில் எழுதுவதில்லை என்பதும் ஃபீபிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை டியூட்டி பார்த்தவரோ ஊருக்குப் போயிருந்தார், பேரணாம்பட்டு. செல் ஸ்விட்ச் ஆஃப்.

மதியம் 12.20.

நூற்றுப்பத்து டி.டி.எஸ். தண்ணீர் இந்தக் காம்பவுண்டுக்குள் ஒரே வழியாகத்தான் வரும், இருபது லிட்டர் கேனில். கேனை எடுத்து வைக்கிறவர் ஹலீமா பீ, ஆபீஸைப் பெருக்கித் துடைக்கிற அம்மாள். லீவு நாளில் கேன் எல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டதுதான் தாமதம், நான்கு நாள் கோபம் கொட்டியது.

"வியாழக்கிழம சாயந்திரம் மூணு கேன் ஃபுல்லா வச்சிட்டுப் போனேன் மேடம். சனிக்கிழம காலையில வந்து பாத்தா மூணும் காலி. கேன் வண்டி வர பதினோரு மணி ஆயிடுச்சு. சுகர் மாத்திரைய உப்புத் தண்ணியில முழுங்கினேன், பேஜாராப் போச்சு. லீவுல அறுவது லிட்டர் குடிக்கிறதுக்கு இங்க யானையா வந்துச்சு?"

ஃபீபி அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடினாள்.

மதியம் 2.30.

மூன்றாவது போரைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். முதலாளி, நவநீதன், ஞானமுத்து, ஃபீபி. காகிதத்தில் அந்தப் போரின் ஆழம் அறுபது அடி. ஃபீபி ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டி உள்ளே விட்டாள். நூல் தொய்ந்தது. இழுத்து அளந்தாள். இருபத்தைந்து அடி.

"நடுவுல அடைச்சிருக்கு சார். அதுக்கு மேல தண்ணி ஊத்தி வச்சிருக்காங்க. நான் மொண்டது போர்த் தண்ணியே இல்ல."

நீளக் கம்பியின் நுனியை வளைத்து ஞானமுத்து உள்ளே விட்டுத் துழாவினார். கால்மணி நேரம் ஆயிற்று. கடைசியில் மேலே வந்தது கறுப்பு ஷீட்டைச் சுருட்டிக் கம்பியால் கட்டிய ஒரு கெட்டி உருண்டை. ஷீட் புத்தம் புதுசு. ஸ்லட்ஜின் விஷம் மண்ணில் இறங்காமல் யார்டுக்கு அடியில் விரிக்கிற ஷீட் அது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை விரித்தாயிற்று என்று போன வருஷமே எழுதிக் கொடுத்தவர் நவநீதன்.

அடைப்பு போன போரில் பழைய தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு ஃபீபி மறுபடி மொண்டாள். முப்பத்திரண்டு அடியில் கிடைத்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது, குரோமியத்தின் நிறம்.

மதியம் 3.10.

"ஞானமுத்துதான் ஸ்டோர்லேர்ந்து ஷீட்ட வெட்டி எடுத்திருப்பான்," என்றார் நவநீதன். "வெள்ளிக்கிழம அவன்தானே இருந்தான்?"

"விரிச்சு முடிச்ச ஷீட்டு ஸ்டோர்ல எப்படி சார் இருக்கும்?" ஃபீபி குறுக்கே வந்தாள். "அத விடுங்க. கேன் தண்ணிய ஊத்தினது யாருன்னு பாப்போம். ஞானமுத்து அண்ணா மாசா மாசம் மூணு போர்லயும் மீட்டர் வச்சு நம்பர் எழுதறவரு. அவரு ஏமாத்தணும்னா குழாயில வர்ற உப்புத் தண்ணியத்தான் ஊத்தியிருப்பாரு. ரெண்டாயிரம் காட்டியிருக்கும், மழையில கொறஞ்சிருக்கும்னு நானும் சத்தமில்லாம கையெழுத்துப் போட்டிருப்பேன். நம்ம முதலாளிக்கும் அந்த நம்பர் மனப்பாடம். தப்பா இருக்குன்னு காலையில மொதல்ல ஃபோன் பண்ணதே அவருதான்."

மூன்று சாவியில் இரண்டு கழிந்தது. முதலாளி மெல்ல நவநீதன் பக்கம் திரும்பினார்.

"இந்த ஊர் நிலத்தடித் தண்ணி எவ்வளவு காட்டும்னு தெரியாத ஒருத்தர்தான், டெஸ்ட்டுக்கு நல்ல தண்ணி வேணும்னு குடிக்கிற தண்ணியத் தேடியிருக்காரு." ஃபீபி கையிலிருந்த ஃபைலைத் திறந்தாள். "முப்பத்தாறு மாச ரிப்போர்ட் சார். ஒவ்வொண்ணுலயும் உங்க கையெழுத்து இருக்கு. ஒண்ணையாவது படிச்சிருந்தீங்கன்னா இன்னிக்கு மாட்டியிருக்க மாட்டீங்க."

நவநீதன் கர்சீப்பை எடுத்தார், முகம் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். ஷீட் விரிப்பதென்றால் யார்டைக் காலி பண்ண வேண்டும், பத்து நாள் தோல் பதனிடும் டிரம் ஓடாது, ஆர்டர் நேரம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது என்றார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் காரில் வந்ததையும் ஒப்புக்கொண்டார். "குரோமியம் வரக்கூடாதுன்னு மட்டும்தான் பாத்தேன் சார்."

டிரம்களை நிறுத்தச் சொன்னார் முதலாளி. ஃபீபியிடம், பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்பு, எது வந்தாலும் வரட்டும் என்றார். ஞானமுத்துவின் தோளைத் தொட்டு மன்னிப்புக் கேட்டார், வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

ஞானமுத்துவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் மஞ்சள் தண்ணீரைப் பார்த்தார். பிறகு மதிலைப் பார்த்தார்.

மாலை 3.52.

ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு ஃபீபி வெளியே ஓடிவந்தபோது ஞானமுத்து கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே போனாள். மதிலைச் சுற்றிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தார்கள். முதல் வீடு அவருடையது. வாசல் குழாயடியில் மனைவி ஜெயபுஷ்பம் துணி அலசிக்கொண்டிருந்தாள், போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஞானமுத்து நேராகப் போய் மோட்டாரை நிறுத்தினார்.

"இன்னாயா, துணியெல்லாம் சோப்போட கெடக்குது."

"கைய எடு. இந்தத் தண்ணி வாணாம்."

ஏன் என்று அவள் கேட்டாள். அவர் படியில் உட்கார்ந்தார்.

"நம்பர் ஏறிக்கினே இருந்துச்சு, புஷ்பம். மாசா மாசம் நாந்தான் எழுதினேன். எழுதிக் குடுத்துட்டா மேல பாத்துக்குவாங்கன்னு இருந்துட்டேன்."

வாரியத்துக்காரர்கள் வந்ததும் அவர்களை வைத்தே தெருவுக்குச் சொல்லலாம், இப்போது வேண்டாம் அண்ணா என்றாள் ஃபீபி. அவர் முடியாதென்று தலையை ஆட்டினார்.

"தண்ணிக்கு ஒண்ணும் இல்ல, தைரியமா பொழங்குங்கன்னு இந்தத் தெருவுக்கு இத்தன வருஷமா சொன்னது நான் மேடம். வேற யாரும் சொன்னா நம்ப மாட்டாங்க."

எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.