மன்னிப்பு இருந்த பக்கம்

வெள்ளிக்கிழமை, காலை 10.15.

இன்னும் அட்டைகூட ஒட்டாத நாவலின் முடிவு ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிட்டது.

திருத்தங்கலில் ராஜபாண்டியனின் அச்சகத்தில், பைண்டிங் கூடத்தில் மடித்து அடுக்கிய தாள்களாகத்தான் அது கிடந்தது. பெயர் ‘சாம்பல் சிறகரசன்’. சிறகு முளைத்த இளவரசன், அவனிடம் சிறைப்பட்ட பெண், முதலில் வெறுப்பு, பிறகு காதல். முந்நூற்று நான்கு பக்கங்களை எழுத்தாளர் செயலியில் தொடராக விட்டிருந்தார். கடைசிப் பதினாறு பக்கங்கள் புத்தகத்தில் மட்டும்தான். அந்தப் பதினாறை நம்பித்தான் வியாபாரமே. அதைத்தான் காலை ஒன்பது பத்துக்கு ‘பொறுமை இழந்த வாசகி’ என்ற முகநூல் பக்கம் போட்டு உடைத்துவிட்டது. அந்த வாசகி யாரென்று யாருக்கும் தெரியாது. பின்தொடர்பவர்கள் மட்டும் அறுபதாயிரம் பேர்.

“மதுரைல இருந்து பதிப்பாளர் போன் போட்டுட்டாரு. நாலு மணிக்குள்ள ஆளச் சொல்லணும். இல்லன்னா வருஷ ஆர்டர் பூராவும் போச்சு, போலீஸ்லயும் குடுப்பாராம்” என்றார் ராஜபாண்டியன். “ஆளத் தேட வேண்டியதே இல்ல. மடிப்பு வேல பாக்குற வேல்விழிதான்.”

எதிரே நின்ற யோகேஸ்வரிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவள் அங்கே பிழை திருத்துபவள். மாதம் ஆறு காதல் நாவல்களை வரி விடாமல் படிப்பது அவள் பிழைப்பு. கம்பெனி எம்.டி. கோபப்படுவான், நாயகி படிக்கட்டில் தடுக்கி விழுவாள், அவன் தாங்கிப் பிடிப்பான். ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துபோகிற சந்தேகத்தை இருநூறு பக்கத்துக்கு இழுப்பார்கள். இத்தனையையும் படித்துப் படித்து அவளுக்குப் பொறுமை என்பது சுத்தமாகத் தீர்ந்திருந்தது.

“எத வச்சுச் சொல்றீக அண்ணாச்சி?”

“நேத்து மதியம் கடைசிப் பதினாறு பக்க ஃபாரத்தக் கையில வச்சு அழுதுட்டிருந்தா. நாப்பது பேர் பாத்திருக்காக. அவ அப்பன் ஊர்க்காவலன வரச் சொல்லியிருக்கேன்.”

மேசையில் கிடந்த பெரிய தாள் ஒன்றை எடுத்து ஆத்திரத்தோடு விரித்தார். கடைசிப் பதினாறு பக்கத்தை அச்சில் ஓட்டலாம் என்று அவர் கையெழுத்துப் போட்ட ஓகே ஷீட். நடுவில் சிலுவைபோல மடிப்புத் தடம். ஓரத்தில் அகலமாக ஒரு வட்டக் கறை. அந்த இடத்தில் தாள் கண்ணாடிபோல் ஆகியிருந்தது.

“இந்தா, இதுலகூட எவனோ டீ கிளாஸ வச்சிருக்கான். ஒருத்தனுக்கும் பொறுப்பில்ல” என்று அதை ஓரமாகத் தள்ளினார்.

காலை 11.05.

விஸ்வநத்தத்திலிருந்து வேல்விழியின் அப்பா ஊர்க்காவலன் வந்தார். பட்டாசு ஆலையில் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். ராஜபாண்டியன் அவரை உட்காரச் சொல்லவில்லை. பைண்டிங் கூடத்தின் நடுவில், நாற்பது பெண்கள் பார்க்க நிற்க வைத்து, “ஒம் மக பண்ணுன வேலையப் பாத்தியாலே?” என்று கேட்டார். அந்த மனிதர் துண்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு, திரும்பிப் போனார்.

வேல்விழி அழவில்லை. அழுதிருந்தால்கூட யோகேஸ்வரிக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

காலை 11.20.

யோகேஸ்வரி தன் மேசையில் உட்கார்ந்து அந்த விமரிசனத்தை மறுபடியும் படித்தாள்.

‘அவள் மோதிரத்தைக் கழற்றி அவன் மேல் எறிகிறாள். இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்கிறாள். சபாஷ் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்துப் பார்த்தால் அவன் தோளில் சாய்ந்து வானத்தில் பறக்கிறாள்! நடுவில் ஒரு மன்னிப்பு உண்டா? ஒரு வார்த்தை உண்டா? அவன் கையில் திடீரென்று ஒரு கட்டு வேறு. எப்போது அடிபட்டது, ஆண்டவனுக்கே வெளிச்சம். போன வருஷம் வரை எம்.டி. நாயகியின் கையைப் பிடித்து முறுக்கினான். இந்த வருஷம் சிறகு வைத்தவன் முறுக்குகிறான். ஆள் அதே ஆள்தான். நம் நாயகிகளுக்கு ரோஷம் வரவே வராதா? போதாக்குறைக்கு இரண்டாம் பாகம் வருகிறதாம். ஒரு நட்சத்திரம். அதுவும் அட்டைப் படத்துக்கு.’

ஒவ்வொரு வரிக்கும் யோகேஸ்வரியின் தலை தானாக ஆடியது. வருஷக்கணக்காக அவள் வயிற்றெரிச்சலும் இதுதான். ஆனால் ஓரிடத்தில் தலை நின்றது. மன்னிப்பு இல்லையா? இந்த ஒரு நாவலில் இருந்ததே! அபூர்வமாக ஒருத்தன் மன்னிப்புக் கேட்கிறான் என்று அவளே அதிசயப்பட்டு, ஒற்றுப்பிழை திருத்தினாளே!

காலை 11.40.

“மன்னிப்புக் கேக்கற எடத்தப் படிச்சியா?” பைண்டிங் கூடத்துக்குப் போய் யோகேஸ்வரி கேட்டாள்.

“மனப்பாடமாவே தெரியும் யக்கா” என்றாள் வேல்விழி. “‘காரணம் சொல்லமாட்டேன். காரணம் சொன்னால் அது மன்னிப்பு ஆகாது. தவறு என்னுடையது.’ அதப் படிச்சுத்தான் நேத்து அழுதேன். அம்புட்டு நாவல்லயும் ஒருத்தனாச்சும் இப்படிச் சொல்லியிருக்கானா?”

“அவன் கையில கட்டு?”

“அவ கதவத் தொறக்க, இரும்புக் கம்பிய வளைக்கையில கிழிச்சிருதுல்ல.”

“போட்டோ எடுத்தியா?”

“எம் போனு உடைஞ்சு பத்து நாளாச்சு யக்கா. சொன்னா யாரு நம்புறாக?”

யோகேஸ்வரி திரும்பி வந்து தன் திருத்தப் படியை எடுத்தாள். விமரிசனத்தில் இருந்ததையெல்லாம் பக்கம் பக்கமாகக் குறித்தாள். மோதிரம் எறிந்தது 312, 313. தோளில் சாய்ந்தது 316. இரண்டாம் பாகம் 320. அதில் இல்லாததையும் குறித்தாள். கம்பி கிழித்தது 310, 311. மன்னிப்பு 314, 315. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மிஷின் பக்கம் நடந்தாள்.

பகல் 12.10.

மிஷின் ஓட்டும் சங்கரபாண்டியன் கையில் மையோடு நின்றார்.

“கடைசி ஃபாரம் எப்ப ஓடுச்சுண்ணே?”

“செவ்வாக்கெழம ஒரு பக்கம். மை காயணும்லா. மறுபக்கம் புதன். மடிப்பு வியாழன்.”

“ஒரே தாள்ல பதினாறு பக்கம். தாளோட ஒரு பொறத்துக்கு எட்டு. மொத நாளு ஓடுன எட்டு எது எது?”

“305, 308, 309, 312, 313, 316, 317, 320.” வாய்ப்பாடு போல ஒப்பித்தார். “மடிச்சாத்தானே தாயி வரிசை சேரும்? மத்த எட்டும் அடுத்த நாளுதான்.”

“மொத நல்ல ஷீட்ட என்ன செய்வீக?”

“அண்ணாச்சி மேசைக்குப் போயிரும். அவரு கையெழுத்துப் போட்டாத்தான் ஓட்டுவேன்.”

“நீங்க கதையப் படிச்சீகளா?”

“எழுத்தப் படிச்சா மை அளவக் கவனிக்காம விட்டுருவேன். அதுவும் காதல் கதை. எனக்கு எதுக்கு?”

பகல் 1.30.

ராஜபாண்டியன் அறையில் மதியச் சாப்பாடு. அவர் மனைவி லட்சுமிகாந்தம் செவ்வாயும் வெள்ளியும் காலையிலேயே கேரியரை அவர் மேசையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய், மதியம் பரிமாறத் திரும்பி வருவது வழக்கம். முப்பது வருஷமாக வருகிறார். அந்த அறையைத் தாண்டி உள்ளே போனதில்லை. மிஷின் இருக்கிற இடத்தில் பொம்பளைக்கு என்ன வேலை என்பது ராஜபாண்டியனின் கட்சி.

யோகேஸ்வரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

“வேல்விழி இல்ல அண்ணாச்சி.”

“அதெப்படிச் சொல்ற?”

“விமரிசனத்துல வந்ததெல்லாம் தாளோட ஒரு பக்கத்துல இருக்கறது. மறுபக்கத்துல இருக்கற ஒண்ணுகூட அதுல இல்ல. வேல்விழி கைக்கு வரையில தாள்ல ரெண்டு பக்கமும் அச்சாயிருச்சு. புதன்கெழமைக்கு அப்புறம் யாரு எடுத்திருந்தாலும் மன்னிப்பையும் சேத்துத்தான் படிச்சிருப்பாக. இது செவ்வாக்கெழம போன ஷீட்டு. மத்த தாளெல்லாம் மை காய மிஷின் பக்கத்துலயே கெடந்துச்சு. அன்னைக்கு வெளிய போக வழி உங்க மேச ஒண்ணுதான்.”

“எம் மேசைல எவன் கை வைப்பான்?”

யோகேஸ்வரி ஓகே ஷீட்டை எடுத்து விரித்தாள்.

“ஓகே ஷீட்ட நாம மடிக்கறதே இல்ல. அப்படியே கம்பியில மாட்டுவோம். இத நாலா மடிச்சிருக்கு. டீ சிந்துனா பழுப்பாக் காயும். இது எண்ணெய், தாள் ஊடுருவித் தெரியுது. டீ கிளாஸுக்கு இம்புட்டு அகலமும் கெடையாது.”

மேசையிலிருந்த கேரியரைத் தூக்கி, அடித்தட்டைக் கறையின்மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. ராஜபாண்டியன் பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினார்.

“செவ்வாக்கெழம கேரியர் பையில வீட்டுக்குப் போயி, இன்னைக்குத் திரும்பி வந்திருக்கு. பொறுமை இழந்த வாசகி நீங்கதான, அக்கா?”

லட்சுமிகாந்தம் மறுக்கவில்லை.

“நான்தான். அதுல என்ன தப்பு? புத்தகம் வெள்ளிக்கெழம கடைக்குப் போயிரும்னு இவுகதான சொன்னாக?”

“திங்கக்கெழமைக்குத் தள்ளிப் போச்சு” என்றார் ராஜபாண்டியன் ஈனஸ்வரத்தில். “லோடு அதிகம்.”

“அதச் சொன்னீகளா? வீட்டுல எதச் சொல்லியிருக்கீக?” என்று கேட்டவர், யோகேஸ்வரியிடம் திரும்பினார். “நடுவுல பக்கம் விட்டுப்போனது எனக்கும் தெரிஞ்சது தாயி. இந்த மாதிரி நாவல் முந்நூறு படிச்சிருக்கேன். நடுவுல என்ன இருந்திரப் போகுது, கட்டிப்பிடிச்சிருப்பான், அவளும் மறந்திருப்பான்னு நெனச்சேன். எந்தக் கதையில எவன் மன்னிப்புக் கேட்டான்?”

“இதுல கேட்டிருக்கான்க்கா. ரெண்டு பக்கத்துக்கு.”

லட்சுமிகாந்தத்தின் முகம் தொங்கிப்போனது. “வேல்விழின்னு சொன்னியே, அது யாரு?”

யோகேஸ்வரி சொன்னாள். ஊர்க்காவலனை நிற்க வைத்ததையும் சொன்னாள்.

“சரி, சரி” என்று ராஜபாண்டியன் அவசரமாக எழுந்தார். “கழிவுத் தாள் வழியாப் போச்சுன்னு மதுரைக்குச் சொல்லிருவோம். அந்தப் பிள்ளைய வேலையப் பாக்கச் சொல்லு. வீட்டுப் பேரு இதுல வர வேண்டாம்.”

அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் லட்சுமிகாந்தம் மேசைப் போனில் மதுரைக்குப் பேசி முடித்து, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக உள்கதவைத் தள்ளிக்கொண்டு பைண்டிங் கூடத்துக்குப் போயிருந்தார்.

பிற்பகல் 2.05.

நாற்பது பெண்களும் மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“அந்தப் பக்கத்த எடுத்துட்டுப் போயி எழுதுனது நான். இந்தப் பிள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மதுரைக்கும் நானே பேசிட்டேன்” என்றார் லட்சுமிகாந்தம். “வேல்விழி, தப்பு என்னோடது.”

பின்னாலேயே ராஜபாண்டியன் வந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“அதாவது… காலைல போன் வந்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல. சீசன் நேரம். பாத்தவுக சொன்னத வச்சுத்தான் நானும்…” என்று ஆரம்பித்து, பதிப்பாளரின் கோபம், மிஷினின் கோளாறு, தன் ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

வேல்விழி கேட்டுக்கொண்டு நின்றாள். அவர் முடித்ததும், “எங்கப்பாவ இங்கன வச்சுத்தான கேட்டீக, மொதலாளி?” என்றாள்.

“அப்புறமாச் சொல்லிக்கிறேன்.”

அவள் உட்காரவில்லை. மற்ற நாற்பது பேரும் தாளைத் தொடவில்லை. ஆறு மணிக்கு அனுப்ப வேண்டிய வேறொரு லோடு மடிப்புக்காகக் காத்திருந்தது. லட்சுமிகாந்தம் கணவரின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஆலைக்குள் செல்போன் கூடாது. ஆனால் ஊர்க்காவலன் அன்று ஆலைக்குத் திரும்பிப் போகாததால் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“அண்ணாச்சி, ராஜபாண்டியன் பேசுறேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒங்க மக மேல ஒரு குத்தமும் இல்ல. நான் செஞ்சது தப்பு.”

மறுமுனையில் ஊர்க்காவலன் ஏதோ கேட்டார்.

“என்ன சொல்றாக?” என்றாள் வேல்விழி.

ராஜபாண்டியன் போனைக் காதிலிருந்து எடுத்தார். “காலைல இருந்தவுக எல்லாரும் பக்கத்துல இருக்காகளான்னு கேக்குறாரு” என்றார்.

பிறகு ஸ்பீக்கரைப் போட்டு, முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.