பாதிப் பொட்டு

2006, விஜயதசமி. காலை 9.10.

செங்கல்பட்டு ஜிஎஸ்டி ரோட்டு மாடி ஆபீஸில் அன்றைய முதல் ஃபைல் அமெரிக்கா போகாமல் திரும்பி வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் திரும்பியதும் டைப் அடித்துக்கொண்டிருந்த வசுமதி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டாள்.

அந்த ஆபீஸின் பிழைப்பே அதுதான். அங்கே டாக்டர்கள் பேசி அனுப்புவதை இங்கே பெண்கள் கேட்டு டைப் அடித்து அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். அதுவோ லேசுப்பட்டதல்ல. ஆபீஸுக்கு இரண்டு இன்டர்நெட் லைன். அதில் வேகமான லைன் வழியாக வந்தால்தான் கதவைத் திறக்கும். சாதா லைனில் போனால் 'நீ யார்?' என்று விரட்டிவிடும்.

எந்த ரூம் எந்த லைனில் போகணும் என்று பிரித்துவிடுவது ஃபயர்வால் பெட்டி. ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதற்குக் கட்டளை எழுதியவள் ஷபானா. பொத்தேரி இன்ஜினியரிங் காலேஜில் படித்துவிட்டு வந்த பெண். அவளுக்கு இதுதான் முதல் வேலை. அன்றைக்கு ஃபைலெல்லாம் ஜோராகப் போயின.

மேனேஜர் லக்ஷ்மிநாராயணன் மைசூர்பாகு டப்பாவோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"நேத்து நியூஜெர்சில பேத்திக்குப் பேர் வச்சாச்சு! கன்னத்துல குழி விழறது பளிச்சுனு தெரிஞ்சுது, போங்கோ."

சேதி கேட்டதும் சிரிப்பு காணாமல் போனது.

"பன்னண்டு மணிக்குள்ள போகலேன்னா கான்ட்ராக்டே போயிடும்! ஷபானா, எல்லாம் நீ கை வச்சதாலதான். இனிமே அந்தப் பெட்டிகிட்ட போகாதே. மத்தியானம் லெட்டர் தரேன், வாங்கிண்டு கிளம்பு."

ஷபானா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வசுமதி அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அழுது இன்னா ஆவப்போவுது? நீ எழுதினத காட்டு."

கறுப்புத் திரையில் ஷபானா ஒரு கட்டளையைத் தட்டினாள். வரிகள் ஓடி வந்து நின்றன.

"பாருக்கா. ஒயர் சொருகற முதல் போர்ட்ல வர்றது வேகமான லைன்ல போகும். ரெண்டாவது போர்ட்ல வர்றது சாதா லைன்ல போகும். ஒரு எழுத்துகூட மாறல."

"எது யாருது?"

"முதல்ல சொருகினது நம்ம ரூம் ஒயர். ரெண்டாவது சார் ரூம் ஒயர்."

"இத வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"எழுதின அன்னிக்கே சாருக்குக் காட்டினேன். 'என் ரூம்ல மட்டும் ஏன் ஆமை, வீடியோல பேத்தி மூஞ்சி உறைஞ்சு நிக்கறது'ன்னு கேட்டாரு."

வசுமதி எழுந்தாள். பெருக்கித் துடைக்கும் சின்னப்பொண்ணு படியில் உட்கார்ந்து நாஸ்தா தின்றுகொண்டிருந்தாள்.

"பெட்டிய துடைக்கசொல்ல ஒயர புடுங்கினியா?"

"தோ பாரும்மா, வம்புல மாட்டாத. பூஜைக்கு மின்னாடி மேலாக்க துடைச்சேன், அவ்ளோதான். அப்பால நீதான சந்தனம் வச்ச? சார் கற்பூரம் காட்டிட்டு, 'நாளைக்கு காலைல வரிக்கும் எவனும் எதையும் தொடக்கூடாது'ன்னு எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு பூட்டிக்கினாரு."

வசுமதி பெட்டி இருந்த ரூமுக்குள் போனாள். ஒன்றையும் தொடவில்லை, குனிந்து பார்த்தாள். பார்த்தவள் சிரித்தேவிட்டாள்.

காலை 11.05. எல்லோரையும் பெட்டி முன்னால் நிற்க வைத்தாள்.

"சார், இதும்மேல பொட்டு வைக்க இடமே இல்ல. அதனால முதல் போர்ட்லயே, பாதி பெட்டில பாதி ஒயர் முனைல படற மாதிரி ஒரே பொட்டா வச்சேன். இப்ப பாருங்க."

முதல் போர்ட்டின் ஓரத்தில் பாதிப் பொட்டு காய்ந்து கிடந்தது. அதில் சொருகியிருந்த ஒயரோ சுத்தம். மிச்சப் பாதி இரண்டாவது போர்ட்டில் இருந்த ஒயரின் தலையில் ஒட்டியிருந்தது.

"ஒயரு இடம் மாறியிருக்கு. பொட்டுக்கு மின்னாடி மாறியிருந்தா பொட்டு உடைஞ்சிருக்காது. அதனால சின்னப்பொண்ணு இல்ல. ஷபானா எழுதினது அப்படியே கீது. பொட்டு வச்சப்புறம் இங்க இருந்தது ஒருத்தர்தான்."

வசுமதி லக்ஷ்மிநாராயணன் பக்கம் திரும்பினாள்.

"உங்க வூட்ல கம்ப்யூட்டர் கிடையாது. உங்க ரூம்லயோ ஆமை. அப்பறம் நேத்து அந்தக் கன்னத்துக் குழி எப்படி சார் பளிச்சுனு தெரிஞ்சுது?"

மனுஷர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பேர் வைக்கற நேரத்துலயும் குழந்தை மூஞ்சி உறைஞ்சு போயிடுத்துன்னா... ரெண்டையும் மாத்திச் சொருகினேன். நெட் எல்லாருக்கும்தானே வரதுன்னு விட்டுட்டேன். சத்தியமா ஃபைல் திரும்பறது அதனாலதான்னு தோணலை. தோணியிருந்தாலும்... ஊரையெல்லாம் தொடாதேன்னுட்டு பூஜையன்னிக்கு நானே மிஷினைத் தொட்டேன்னு எப்படிச் சொல்வேன்?"

"நெட் வரும் சார். வழிதான் மாறிடும்" என்றாள் ஷபானா. "எந்த ரூம்னு பெட்டிக்குத் தெரியாது. எந்த போர்ட்ல வருதுன்னுதான் பார்க்கும்."

"நீ கை வச்சா சரியாப் போயிடுமா?"

"வைக்கலாமா சார்?"

"வைம்மா, வை! அந்த லெட்டரை நான் இன்னும் அடிக்கவே இல்லை."

இரண்டு ஒயரும் இடம் மாறின. எல்லா மிஷினும் அணைந்து எழுந்தன. 11.30-க்கு முதல் ஃபைல் போனது, அடுத்தது, அதற்கடுத்தது. மூலையிலிருந்து ஒருத்தி கைதட்டினாள். ஷபானா மூச்சை விட்ட விதத்தில் மேஜைமேல் இருந்த காகிதமே பறந்தது.

அப்புறம் அவள் கறுப்புத் திரையைத் திறந்து இன்னும் ஒரு கட்டளை சேர்த்தாள்: மேனேஜர் ரூமிலிருந்து அந்த வீடியோ பேச்சு மட்டும் வேகமான லைனில் போகட்டும்.

லக்ஷ்மிநாராயணன் மைசூர்பாகு டப்பாவை அவளிடம் நீட்டினார்.

சின்னப்பொண்ணு துணியோடு வந்தாள். "அந்தப் பாதிப் பொட்ட துடைச்சிடவா?"

"தொடாதே! அது அப்படியே இருக்கட்டும்" என்றார் மேனேஜர்.

"எல்லாரையும் தொடாதேன்னு சொல்லிட்டு நீங்க மட்டும் தொடுங்க சார்" என்றாள் சின்னப்பொண்ணு. ஆபீஸே சிரித்தது, அவரும்தான்.