பலகை சொன்ன இனிமை

சோதனையில் அறுபதுக்குக் கீழே போன வயலினுக்குச் சங்கீத சபை மேடையில் இடமில்லை. ருத்ரமூர்த்தியின் வயலின் ஐம்பத்தெட்டு வாங்கியிருந்தது. அதனால்தான் அவர் சபை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, என் வயலினுக்கு என்ன கேடு? கரையான் அரிச்சிருக்கா, ஓட்டை விழுந்துருக்கா? சொல்லிட்டுப் போங்க!"

காரிலிருந்து இறங்கிய தமயந்தி நிற்காமல் நடந்தாள். சுவைமானியைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இந்த வசவெல்லாம் அவளுக்குக் காலைக் காப்பி மாதிரி ஆகிவிட்டது. கிடைக்காத நாளில்தான் தலை வலிக்கும்.

சுவைமானிக்கு முன்னால் வயலினின் தரத்தை யார் சொன்னார்கள்? விற்றவன் சொன்னான். முன்வரிசையில் தலையாட்டிய பெரிய மனிதர் சொன்னார். போன வருஷம் செய்த வயலினை வாசித்துவிட்டு, முந்நூறு வருஷத்து இத்தாலிய வயலின் என்று சொன்னால், பழசு பழசுதான் என்று உருகுகிற கூட்டம் இது. அந்தக் காதுகள் மேல் தமயந்திக்குத் தீராத வெறுப்பு. ஆகவே அவள் காதை விட்டுவிட்டு மண்டைக்குள் போனாள். ஒவ்வொரு நாற்காலியின் தலைசாய்ப்பிலும் ஒரு நரம்பலை வாங்கியைப் பதித்தாள். கேட்பவருக்கு உள்ளே எவ்வளவு இனிக்கிறது என்பதை அது நேராகப் படித்துவிடும். சோதனையின்போது வாசிப்பவர் திரைக்குப் பின்னால் இருப்பார். அத்தனை மண்டைகளின் கணக்கும் கூடி, மேடைக்கு மேலே தொங்கும் பலகையில் எண்ணாக ஏறி இறங்கும். சென்னையில் இப்போது அந்த எண் இல்லாமல் ஒரு வயலினும் விலை போவதில்லை.

உள்ளே செயலாளர் கஸ்தூரிரங்கன் எதிரே வந்தார். "மறுசோதனை வேணுமாம் அவனுக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! என்ன பண்ணலாம், சொல்லுங்கோ."

"வைங்க சார். எல்லார் முன்னாடியும் மூக்கு உடையட்டும்" என்றாள் தமயந்தி. இப்படி ஒருவனுக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு ஊரே வரும். சுவைமானி தப்பு என்று ஒரே ஒரு தடவை நிரூபணமானாலும் அவளுடைய ஆயுள் உழைப்பு குப்பைக்குப் போகும்.

அன்றே அரங்கம் நிரம்பியது. சண்டை என்றால் ஓசி டிக்கெட் இல்லாமலே கூட்டம் வரும். ருத்ரமூர்த்தி ஒரு நிபந்தனை போட்டார். அவருடைய வயலினையும், சபை பூட்டி வைத்திருக்கும் இத்தாலிய வயலினையும் அடுத்தடுத்து வாசிப்பார். எது முதலில், எது பின்னால் என்று யாருக்கும் சொல்ல மாட்டார். தமயந்தி ஒப்புக்கொண்டாள். இத்தாலிய வயலின் பெட்டி சபையின் அரக்கு முத்திரையோடு திரைக்குப் பின்னால் போயிற்று.

முதல் வயலின். ருத்ரமூர்த்தி வழக்கம்போலச் சுருதி சேர்த்தார். சேர்த்தார், சேர்த்தார், சேர்த்துக்கொண்டே இருந்தார். தந்தி முறுக்கும் பிருடையைத் திருகுவதும் வில்லை இழுப்பதும் முகம் சுளித்து மறுபடி திருகுவதும் அவருக்குப் பாதிக் கச்சேரி. பிறகு கல்யாணி வாசித்தார். பலகை ஐம்பத்தேழில் நின்றது.

சின்ன இடைவெளி விட்டு இரண்டாவது வயலின். நேராக அதே கல்யாணி. பலகை தொண்ணூற்று மூன்று காட்டியது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

"எது உங்களுது, ருத்ரமூர்த்தி?" தமயந்தியின் குரலில் வெற்றி வழிந்தது.

திரை விலகியது. ருத்ரமூர்த்தி மடியில் ஒரே வயலின். பக்கத்தில் இத்தாலியப் பெட்டி, முத்திரை உடையாமல்.

"ரெண்டும் என்னுதுதான். அந்தப் பெட்டிய நான் தொடக்கூட இல்ல. இப்ப சொல்லுங்க டாக்டரம்மா, ஒங்க மெஷினுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா, இல்ல ஒங்களுக்கா?"

அரங்கம் சிரித்தது. தமயந்திக்கு அந்த ஆளை அங்கேயே அறைய வேண்டும்போல் இருந்தது. பின்னறைக்கு ஓடி அலைப்பதிவுகளைத் திறந்தாள். விஷயம் உடனே விளங்கியது. திரை விழுந்த கணமே சுவைமானி படிக்கத் தொடங்கிவிடுகிறது. இந்த ஊரில் மேடையிலேயே சுருதி சேர்ப்பார்கள் என்பது இந்த ஊரிலேயே பிறந்த அவளுக்குத் தோன்றவில்லை. சுருதி சேர்க்கும் சத்தத்தில் யாருக்கு இனிக்கும்? எண் தரையில் கிடந்தது. ஜனம் பலகையைப் பார்த்தது, மட்டமான வயலின் என்று மனசைச் சுருக்கிக்கொண்டது. அதன்பின் தேனாகப் பொழிந்தும் எண் ஏறவில்லை. இரண்டாம் தடவை வயலின் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. முதல் இழுப்பே நல்ல எண்ணைக் கொடுத்தது, எண்ணைப் பார்த்து மனசு விரிந்தது.

செயலாளர் பின்னாலேயே வந்து நின்றார். அவரிடம் மறைக்கத் தெம்பில்லாமல் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ, ஜனங்க சும்மா பாவனை பண்ணலையா?"

"இல்ல சார். ரெண்டாவது தடவ அவங்களுக்கு நெஜமாவே இனிச்சிருக்கு. பலகைய அணைச்சுட்டு எல்லா வயலினையும் மறுபடி..."

"அணைக்கறதாவது! பாதிப் பேர் அதைப் பார்க்கத்தான் வரா." கஸ்தூரிரங்கன் முகம் மெல்ல மலர்ந்தது. "எண்ணைப் பார்த்தா நெஜமாவே இனிக்கும்னா, ஆரம்பமே தொண்ணூத்தஞ்சுன்னு வச்சுடுங்கோளேன். கேக்கறவாளுக்கும் ஆனந்தம், வாசிக்கறவாளுக்கும் சந்தோஷம். உங்க மெஷினுக்கும் பேர் கெடாது."

மறுக்கத்தான் வேண்டும். தமயந்தி மறுக்கவில்லை. உள்ளே ஒரு நிம்மதி பரவியது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விசைப்பலகையில் தொடக்க எண்ணை அவள் கையாலேயே மாற்றினாள்.

தொண்ணூற்று மூன்று வாங்கிய ருத்ரமூர்த்திக்கு மேடை கிடைத்தது. கச்சேரிக்குத் திரை கிடையாது. தமயந்தி முன்வரிசையில் இருந்தாள். பலகை தொண்ணூற்றைந்தில் தொடங்கியது. நாலாவது உருப்படியில் பிருடை ஒன்று நழுவி, தந்தி தொய்ந்தது. ருத்ரமூர்த்தி திடுக்கிட்டு நிமிர்ந்தார். அரங்கம் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே அந்தத் தந்தியிலேயே ஓங்கி இழுத்தார். வாழைத்தாரில் கத்தி சிக்கினாற்போல் ஒரு சத்தம். "பலே!" என்றது பின்வரிசை. எண் தொண்ணூற்றேழு.

அவர் வில்லைக் கீழே வைத்தார். "சுருதி எறங்கிப்போயி கெடக்குது. காது உள்ள ஒருத்தராவது எந்திரிச்சு வெளிய போங்கய்யா!"

என்ன அடக்கம் என்று கைதட்டினார்கள். அவருடைய பார்வை முன்வரிசைக்கு வந்தது. இருப்பது எதிரிதான், ஆனால் அந்தப் பலகையின் வண்டவாளம் தெரிந்த ஆளும் அவள்தான்.

"டாக்டரம்மா, நீங்களாவது சொல்லுங்க. ஒங்களுக்குமா கேக்கல?"

தந்தி தொய்ந்தது தமயந்திக்குத் தெரியும். எண்ணை வைத்தது அவள் கை. எழுந்து நின்று அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உடம்பெல்லாம் புல்லரித்திருந்தது, கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"நிறுத்தாதீங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் வாசிங்க."