இரு கட்டில்களுக்கு நடுவே

மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக நுழைந்து கிடக்கும் அந்த லாக்கின் கரையில், கூழாங்கல் திட்டு ஒன்றில், கட்டிலும் அடுப்பும் வைத்த எங்கள் கேம்பர் வேனை நிறுத்தியபோது சாயங்காலம் ஐந்து மணி. எங்களைத் தவிர யாருமில்லை. வடக்கு ஸ்காட்லாந்தில் ஜூன் மாதம் இருட்டே வராது. நடு இரவிலும் மங்கிய வெள்ளித் தட்டின் நிறத்தில் ஒரு வெளிச்சம் போகாமல் நிற்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. கடற்பாசி வாடைக்கு அடியில், நனைந்த கருங்கல்லின் வாடை.

"எவ்வளவு அழகு பாரு," என்றேன்.

"அழகு கிடக்கட்டும் கிளைவ். எனக்குத் தூக்கம் வேணும்," என்றாள் என் மனைவி ஏவ்ரில்.

அவள் கேட்டதில் தப்பில்லை. போன வருடம்தான் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். வேனில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக இரண்டு கட்டில்கள்; ஒவ்வொன்றும் இரண்டடி அகலம். மனிதன் தூக்கத்தில் புரளும்போது கிடந்த இடத்திலேயே சுழல்வதில்லை, ஒரு முழம் உருண்டு போகிறான். இரண்டடிக் கட்டிலில் அந்த முழம் கிடையாது. இடுப்பைத் தூக்கி, நகர்த்தி, பிறகு திரும்ப வேண்டும். புது மூட்டு அதற்கு ஒத்துக்கொள்ளாது. போன பயணத்தில் மூன்று இரவும் உட்கார்ந்தே விடிய வைத்தாள்.

"அடுத்த தடவையும் தூங்கலைன்னா வேனை வித்துடு. ஹெக்ஸாம்ல நம்ம வீட்டுல, என் சொந்தக் கட்டில்ல படுத்து நிம்மதியா சாகறேன்," என்று ஊர் திரும்பியதும் சொல்லிவிட்டாள்.

அதனால் மார்ச் முழுவதும் கராஜில் வேலை பார்த்தேன். இரண்டு கட்டில்களுக்கு நடுவே நடைபாதை ஒன்றேமுக்கால் அடி. அதை மூட வேண்டும். இரண்டு கட்டில்களின் அடியிலிருந்தும் பைன் மர ரீப்பர் பட்டைகள் இழுப்பறை போல வெளியே வரும். இரண்டு கைகளின் விரல்களைக் கோப்பது போல ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். கிறீச்சிடாமல் இருக்க ஓரங்களில் கம்பளித் துணி ஒட்டினேன். ஒவ்வொரு ரீப்பரின் அடியிலும் ஒரு சின்ன வெட்டு. மேலே பாரம் ஏறினால் வெட்டு கட்டில் சட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும், ஆள் எழுந்திருக்கும் வரை நகராது. தூக்கத்தில் யாரும் பொத்தென்று விழுந்துவிடக் கூடாதல்லவா? அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ரீப்பர்கள் மேல் நடுமெத்தை. மூன்று மெத்தைகளின் இணைப்பு முதுகில் உறுத்தாமலிருக்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே துண்டாக மெமரி ஃபோம் விரிப்பு.

"கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். இன்னும் என் பக்கத்துல வந்து படுக்கறதுக்கு உனக்கு ரம்பமும் சுத்தியலும் வேண்டியிருக்கு," என்று சிரித்தாள் ஏவ்ரில்.

அந்த ஃபோமின் சூட்சுமத்தை அவளுக்குக் காட்டினேன். குளிரில் அது விறைப்பாக இருக்கும். உடம்புச் சூடு பட்டால்தான் இளகி, உடம்பின் வடிவத்துக்குக் குழியும். கையை எடுத்தால் ஒரு நிமிடத்துக்குள் குழி மேலெழும்பி மறைந்துவிடும். அவள் உள்ளங்கையை அழுத்தி எடுத்தாள். ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாக நிரம்பி அழிந்தன.

"மாவு பொங்கற மாதிரி இருக்கு," என்றாள்.

அவள் வலப்பக்கம், நான் கதவுப்பக்கம். அன்றிரவு நன்றாகத் தூங்கினோம்.

காலையில் அவள் முகம் தெளிந்திருந்தது. "ராத்திரி பூரா கட்டிப்பிடிச்சுட்டே தூங்கினே. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா உன் கை காலெல்லாம் ஐஸ்."

நான் கதவு ஓரமாக, அவளுக்கு முதுகு காட்டித்தான் படுத்திருந்தேன். கனவு கண்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

பிறகுதான் நடுவே இருந்த குழியைப் பார்த்தேன். நீளமாக, தோள் அகலத்தில் தொடங்கி, கால் பக்கம் ஒடுங்கியிருந்தது. இரண்டு பேரும் உருண்டு வந்திருப்போம். டீ போட்டேன். குடித்தோம். ரொட்டி வாட்டினேன்.

குழி அப்படியே இருந்தது.

படுக்கையை மடக்க ரீப்பர்களை உள்ளே தள்ளினேன். ஒன்றுகூட அசையவில்லை. ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்றேன்.

"நீ செஞ்சதாச்சே, கேட்கணுமா?" என்றாள் அவள்.

மழை வலுத்தது. வெளியே போக வழியில்லை. நாள் முழுக்க ஆளுக்கொரு ஓரத்தில் கால் மடக்கி உட்கார்ந்து, குறுக்கெழுத்துப் புதிர் போட்டோம். அவள் ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொன்று போட்டுக்கொண்டாள். மதியம் இரண்டு மணிக்கு, சாப்பிட்ட அலுப்பில், அப்படியே சாய்ந்தோம்.

தகரக் கூரையில் மழைச் சத்தம் சீராக இருந்தது. அதுதான் என்னைத் தூங்க வைத்தது.

கருங்கல் வாடை எழுப்பியது. இப்போது அது வேனுக்குள் இருந்தது.

"கிளைவ்." ஏவ்ரிலின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "கொஞ்சம் தள்ளிப் படு கண்ணு. நசுங்குறேன்."

"நான் ஓரத்துலதான் இருக்கேன்."

மழை பெய்துகொண்டே இருந்தது.

"அப்போ என் முதுகுல இடிக்கறது யார் முட்டி?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் சுவரை ஒட்டி, முகம் பலகையில் அழுந்தக் கிடந்தாள். நடுவே யாருமில்லை. போர்வை தட்டையாகக் கிடந்தது. அதை விலக்கினேன். குழி ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கி, ஏவ்ரில் பக்கமாகத் திரும்பியிருந்தது.

ஒருக்களித்துப் படுத்த ஒரு ஆளின் குழி.

"இங்க வா. என் பக்கம் வா ஏவ்ரில்."

"முடியல."

அவளுக்கு வேறு வழி கிடையாது. வலப்பக்கம் சுவர். தலைமாட்டில் ஆணியடித்த அலமாரி, காலடியில் அடுப்பு மேடை. கதவுக்கு வர ஒரே வழி இருந்தது, நடைபாதை. அதைத்தான் நான் மார்ச் முழுவதும் உட்கார்ந்து அழகாக மூடியிருந்தேன்.

குழிக்கு மேலாகக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது, கல்லைப் பிடித்தது போல. உதடு நீலம் பாரித்திருந்தது. இழுத்தேன். அவள் ஓர் அங்குலம் நகர்ந்து நின்றாள், நடுவே ஒரு மூட்டை தடுப்பது போல.

பக்கவாட்டுக் கதவைத் திறந்து படியில் மண்டியிட்டு, என் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, ரீப்பர்களை என் பக்கம் இழுத்தேன். அசையவில்லை.

மரம் உப்பவில்லை. மேலே பாரம் இருந்தது.

காலையிலும் இருந்திருக்கிறது.

"கிளைவ், எனக்குக் குளிரவே இல்லைப்பா இப்போ," என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பது வருடம் வீடுகளுக்கு வெப்பக் குழாய் பொருத்தியவன் நான். குளிர்ந்துகொண்டே போகிறவருக்குக் குளிர் தெரியாமல் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மறுபடி அவள் மேல் குனிந்தேன். அப்போதுதான் கவனித்தேன். குழியின் விளிம்பு மெதுவாக என் பக்கம் அசைந்தது. என் நெஞ்சில் குளிர் ஏறியது. நான் பின்வாங்கியதும் அது மறுபடி அவளிடம் திரும்பியது.

சூடு எங்கேயோ அங்கே திரும்புகிறது.

நான் என் கட்டிலில் படுத்தால் அது என்னிடம் வரும். ஆனால் ரீப்பரை யார் இழுப்பது?

படியில் நின்றபடியே கை நீட்டி அடுப்பைப் பற்ற வைத்தேன். கெட்டில் கொதிக்க நான்கு நிமிடம்.

"ஏவ்ரில், பேசிட்டே இரு. எதையாவது பேசு."

"என்ன பேச?"

"என்னைத் திட்டு."

"நீ... ஒரு மக்கு கார்பென்டர்," என்றாள். பிறகு பேசவில்லை.

ரப்பர் வெந்நீர்ப் பையில் தண்ணீரை ஊற்றும்போது என் கையும் வெந்தது. மூடியை இறுக்கி, என் கட்டிலின் தலைமாட்டில், தலையணை மேல் வைத்தேன். 

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு நடுமெத்தை மெல்ல உயரத் தொடங்கியது. கால் பக்கம் முதலில், அப்புறம் இடுப்பு, தோள்.

என் தலையணை பள்ளமாகியது.

வெந்நீர்ப் பை இரண்டு பக்கமும் அழுந்திச் சுருங்கியது. யாரோ அதை மார்போடு அணைத்துக்கொண்டது போல. போர்வைக்குள் சுற்றி வைத்தால் விடியும்வரை கதகதப்பாக இருக்கும் பை அது. என் கண்ணெதிரே, ஒரு நிமிடத்துக்குள், ரப்பரின் மேல் வெண்பனி படிந்தது.

ரீப்பர்களை இழுத்தேன். வந்தன. நடுமெத்தை பொத்தென்று விழுந்தது. "கால இறக்கு! இறக்கு!" என்று கத்தினேன். ஏவ்ரில் கண் திறக்காமலே காலை இறக்கினாள். தோளில் சாய்த்து வெளியே இழுத்தேன். எங்களுக்குப் பின்னால் என் கட்டில் பலகை கிறீச்சிட்டது, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பது போல.

அவளைத் தாங்கியபடி வெறுங்காலோடு மழையில் அரை மைல் நடந்து ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினோம். அங்கிருந்து ஆம்புலன்ஸ். இரண்டு நாளில் ஏவ்ரில் தேறிவிட்டாள். வேனுக்குள் நான் மறுபடி காலே வைக்கவில்லை. அந்த ஊர் ஆளை வைத்தே இழுத்துப் போய், பழைய இரும்புக்கு நசுக்கச் சொன்னேன். மெத்தை, ரீப்பர், ஃபோம் எல்லாவற்றையும் முன்னதாக எரித்துவிட்டதாக அந்த ஆள் போனில் சொன்னார்.

ஹெக்ஸாமில் எங்கள் கட்டில் ஐந்தடி அகலம். வந்த முதல் வாரம் ஏவ்ரில் கை காலை விரித்துப்போட்டுத் தூங்கினாள். "இதுல புரள்றதுக்கே ஒரு நாள் ஆகும்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வெந்த கை ஆறியது.

இன்று காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்தது. அறை முழுக்க வெயில். என் ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தால் தரையில் இருந்திருப்பேன். ஐந்தடிக் கட்டிலில் ஏன் இப்படி விளிம்பில் படுத்திருக்கிறேன் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

ஏவ்ரில் எதிர் விளிம்பில் இருந்தாள். அவளுடைய ஒரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாளோ, தெரியவில்லை.

நான் அவளை நோக்கி நகரப் போனேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வராதே. உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதே," என்றாள் மூச்சுக்குள். "இப்பதான் தூங்கிச்சு."